வெள்ளைத் தட்டில் மஞ்சள் கோட்டு

ஜனவரி 15
நாளை வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: நம் காதிஸ் நகரம். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், ஒரு வரி வரவில்லை. போன தடவை எழுந்து நின்றதும் விக்கல் வந்தது. மணி அடிக்கும்வரை அது நிற்கவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

ஜனவரி 16
போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை!
அம்மா சந்தைக்கு, மீன்கடை திறக்கப் போனதும் மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கால் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கிழக்குக் காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது. தப்பு காற்றுடையது.
இந்த ஊரில் ஒளிவது லேசா? மூன்று பக்கம் கடல், நாலாம் பக்கம் அம்மாவின் வாடிக்கைக்காரர்கள். தெருமுனைகளில் நட்ட பழைய பீரங்கிகளை எண்ணினேன் – முப்பத்தொன்று. கடலுக்குள் இருக்கும் பழைய கோட்டைக்குப் போகும் கல்பாதையில் அலை ஏறிக் காலுறையை நனைத்தது. பாறைமேல் ஒரு பூனை, ‘உனக்கு வகுப்பு இல்லையா?’ என்பதுபோல் பார்த்தது.
மத்தியானம் சான் அந்தோனியோ சதுக்கம். ஒரு பொட்டலம் பொரித்த மீன். பிறகு, யாரும் இல்லை என்று, புறாக்களுக்கு முன்னால் அந்தப் பேச்சைப் பேசிப் பார்த்தேன், கையெல்லாம் ஆட்டி. விக்கலே வரவில்லை!

ஜனவரி 17
செத்தேன்.
நேற்றுக் காற்றில் வகுப்பு ஜன்னல் கண்ணாடி உடைந்ததாம். பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஹெர்மினியா டீச்சர் எல்லோரையும் ஊர் நடுவிலுள்ள காவல் கோபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே இருட்டறையில், உச்சியிலிருக்கும் கண்ணாடி வழியாக, ஊரில் அந்த நிமிடம் நடப்பதெல்லாம் ஒரு பெரிய வெள்ளைத் தட்டில் அசையும் படமாக விழும்.
பக்கத்து இருக்கை நீவெஸ் சொன்னாள்: “ஒரு மஞ்சப் புள்ளி புறாங்களைப் பார்த்துக் கைய ஆட்டிட்டு இருந்துச்சுடி. காட்டுறவரு அதுக்கடியில ஒரு அட்டைய வச்சு அப்படியே தூக்கினாரு. பார்த்தா நீ!”
“டீச்சர்?”
“‘இவளுக்குக் காய்ச்சல்னு நினைச்சேன்’னாங்க. அவ்வளவுதான்.”
அவ்வளவுதானா? வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் நெத்திலி வாங்குவது அம்மாவிடம்தான்.

ஜனவரி 18
எராஸ்மோ மாமா வந்தார். பிப்ரவரியில் வரும் கார்னிவல் திருவிழாவில் தெருமுனையில் நின்று ஊரைக் கேலிசெய்து பாடும் குழு அவருடையது.
“இந்த வருஷம் ஒரு கூத்தும் மாட்டலையே. ஏண்டி காந்தேலா, உங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் முட்டாள்தனம் பண்ணலையா?”
விக்கல்.
“தண்ணியக் குடிடி,” என்றாள் அம்மா.
இங்கே தப்புக்கு இரண்டு தண்டனை. இரண்டாவது, பிப்ரவரியில் அதைப் பாட்டாகக் கேட்பது.

ஜனவரி 19
பள்ளி விட்டதும் கடையில் நின்றேன், வேவு பார்க்க. டீச்சர் வந்தார். அரைக் கிலோ நெத்திலி. அம்மா எடை போடும்போது என் காதருகே: “கார்னிவல் வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள நீயே அம்மாகிட்ட சொல்லிடு. அந்தப் பேச்சும் பாக்கி இருக்கு.”

ஜனவரி 23
சொல்ல வாய் வரவில்லை. எழுத வருகிறது.

ஜனவரி 28
எழுதியதை மாமாவிடம் நீட்டினேன்.
‘ஊருக்கு முன்னே விக்கல் வரும், புறாவுக்கு முன்னே வராதே;
மஞ்சக் கோட்டுக் காய்ச்சல்காரி, அட்டையில் ஏறிப் போனாளே.’
படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். “இத நான் பாட மாட்டேன். மஞ்சக் கோட்டுக்காரி யாரோ, அவளே பாடட்டும்.”
ஐயோ.

பிப்ரவரி 11
பாடினேன். சந்தை மூலையில், அதே கோட்டில். முதல் வரிக்கு விக்கல் வந்தது. கூட்டம் அதையும் பாட்டோடு சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது. முன்னால் நின்ற அம்மா, புறா வரி வரை சிரித்தாள். கோபுரத்தில் அட்டையில் ஏறிய பெண்ணின் கதை, பெயர் இல்லாமல், கடைவரை வந்திருந்தது போல; அட்டை வந்ததும் நின்றுவிட்டது சிரிப்பு.
“நீயாடி?”
தலையாட்டினேன்.
“அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி பாடு,” என்றாள்.
பின்னாலிருந்து டீச்சர் குரல்: “பேச்சுக்கு மார்க் போட்டாச்சு!”

பிப்ரவரி 12
தண்டனை: ஒரு மாதம் கடையில் மீன் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் சமையலறை மேசையில், விளக்கைப் போட்டே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் ஒட்டியிருப்பது நெத்திலிச் செதில்.
அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள். “நெத்திலி இல்லடி. மத்தி. சரியா எழுது.”