நாலு விரல் உயரப் பலகை

என்ர இஞ்சேருங்கோவுக்கு,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கடிதத்தில் மட்டும் பெயரை எழுதினால் யாரோ எவருக்கோ எழுதுவதுபோல இருக்கும். அதனால் கூப்பிட்ட மாதிரியே எழுதுகிறேன். கேட்குதோ?

களைத்துப்போனேனப்பா. உங்களுடைய கார்தான் என்னைக் களைக்க வைத்தது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு அது கொட்டாஞ்சேனையில், உங்கள் கூட்டாளி அன்ரன் அண்ணையின் கராஜில், ஒரு மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. அப்படியே கிடந்து துருப்பிடித்துப் போகட்டும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். விட்டாளா உங்கள் மகள்?

நிரோ இப்போது ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கிறோம். கிழமை நாளில் அவள் ஒழுங்கான பிள்ளை. சனிக்கிழமை விடிந்தால் கொட்டாஞ்சேனைக்கு ஓடிவிடுவாள். அந்த ஒற்றை ஆசன ஃபோர்முலா காரைத் திருத்தி, அப்பா ஓடிய அதே பந்தயத்தில் தானும் ஓடப்போகிறாளாம். நான் அழுது பார்த்தேன். கதைக்காமல் இருந்து பார்த்தேன். ஒருநாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். அவள் கொத்து ரொட்டி வாங்கிவந்து எனக்கும் பாதியைப் போட்டு வைத்தாள். உங்கள் பிடிவாதம் வேறு எங்கே போகும்?

அப்போதுதான் எனக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. உங்கள் காலத்துக் காரை இருந்தபடி இப்போது ஓட விட மாட்டார்களாம். பாதுகாப்பு விதியெல்லாம் மாறிவிட்டது. பரிசோதகர் பார்த்துச் சரியென்று ஸ்ரிக்கர் ஒட்டினால்தான் பாதையில் இறங்கலாம். நான் அன்றைக்கே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். கார் பாஸாகக்கூடாது என்று கேட்டவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிசோதகர் ஒரு சிங்கள மனுசன், நல்ல பொறுமைசாலி. உங்களுடைய சீற் பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். பால்மா பக்கற்றுக்கு இருக்கிற மாதிரி இப்போது பெல்ட்டுக்கும் காலாவதித் திகதி இருக்கிறதாம். சாமான் இறக்குமதி எல்லாம் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. இனி எங்கே எடுப்பாள் என்று நான் இருக்க, லண்டன் மச்சாள் சீலைகளுக்கு நடுவே சுற்றி சூட்கேசில் கொண்டுவந்து இறக்கினா. பிறகு பெற்றோல் தாங்கி. உங்களுடைய அலுமினியத் தகரம் உதவாது, அடிபட்டாலும் கிழியாத ரப்பர்ப் பை உள்ளே இருக்க வேண்டுமாம். அதற்கும் மாதக்கணக்கில் அலைந்தாள். தீயணைக்கிற சிலிண்டர், வெளியே நிற்கிறவர் இழுத்தால் எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச், தலைக்குப் பின்னால் மெத்தை. ஒவ்வொன்றுக்கும் நான் "இத்தோடு விட்டுவிடுவாள்" என்று நினைப்பேன். ஒவ்வொரு சனியும் கையெல்லாம் கிறீஸோடு சிரித்துக்கொண்டு வருவாள். அவளுக்குக் களைப்பில்லை. எனக்குத்தான் உடம்பு முறிந்தது.

கடைசியாக ஒன்றில் மாட்டிக்கொண்டாள். கார் தலைகீழாய்ப் பிரண்டால் தலை நிலத்தில் படாமல் காக்கிற இரும்பு வளையம், ஸ்ரியரிங்குக்கு முன்னால் ஒன்று, தலைக்குப் பின்னால் ஒன்று, உங்களுக்குத் தெரியாததா? இப்போதைய விதியில், இரண்டு வளையத்தின் உச்சியிலும் ஒரு நேர்க்கம்பை வைத்தால், ஹெல்மெட் அந்தக் கம்புக்குக் கீழே நிற்க வேண்டும். நிரோ ஏறி இருந்தாள். பரிசோதகர் கம்பை வைத்தார். அது ஹெல்மெட்டில் இடித்துக்கொண்டு நின்றது.

"நங்கி, ஒளுவ உச வெடி," என்றார். தங்கச்சி, தலை உயரம் கூடிப்போச்சு என்று.

உங்கள் பக்கமும் கட்டை, என் பக்கமும் கட்டை. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ அந்த உயரம்! அன்றைக்கு முதல்முறையாக அவளுடைய முகம் விழுந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு அப்பாடா. அதே நெஞ்சுக்குள் வேறு ஒன்றும் குத்தியது. ஏனென்றால் அந்தக் காரில் ஆசனத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நினைவிருக்கா? எல்லோரும் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரம், பூசையைக் கள்ளமடித்துவிட்டு நீங்களும் நானும் கராஜில். காருக்குள் இருந்தால் உங்களுக்கு முன் வளையத்துக்கு மேலால் பாதை தெரியவில்லை. அதை மற்றவர்களுக்குச் சொல்ல வெட்கம். நாலு விரல் உயரத்துக்கு ஒரு பலகை வெட்டினீர்கள். ஓட்டோ சீற்றுக்குப் போடுகிற ரெக்சீனில் நான் உறை தைத்தேன். ஆசனத்தைக் கழற்றி அடியில் வைத்து முறுக்கினீர்கள். பிறகு என் கையைப் பிடித்து, "இஞ்சேரும், செத்தாலும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது," என்றீர்கள். நானும் ஓம் என்றேன்.

அதனால் நான் பேசாமல் இருந்தேன். ஒரு பக்கம் சத்தியம், ஒரு பக்கம் பயம். இரண்டும் ஒரே பக்கமாக இழுத்தால் வாய் மூடியிருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா?

அடுத்த சனி, சாப்பாட்டுப் பார்சலோடு கராஜுக்குப் போனேன். அன்ரன் அண்ணை உங்களுடைய பின் வளையத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"மேல ஒரு பைப் துண்டை வெல்ட் பண்ணி உயர்த்தப்போறன். புது வளையத்துக்கு விதிப்படி இருக்கிற பைப் இப்ப எடுக்கேலாது."

"அது தாங்குமோ?"

"தாங்குமெண்டுதான் நினைக்கிறன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "பெயின்ற் அடிச்சா பரிசோதகருக்குத் தெரியாது. எனக்கும் விருப்பமில்லை, பிள்ளை கேக்கிறாளில்லையே."

"கார் பிரண்டா?"

அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். நிரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வயரை இழுத்தாள். விதி அவளை மறிக்கும் என்று நம்பியிருந்தேனே, மடைச்சி! மறித்தாலும் அவள் சுற்றிக்கொண்டு போவாள். போகிறவளின் தலைக்கு மேலே ஒட்டுப்போட்ட இரும்பு இருக்கும். கீழே உங்களுடைய பலகை இருக்கும். நான் சத்தியத்தைக் காத்துக்கொண்டு இருப்பேனாக்கும்.

"அதில கை வைக்காதேங்கோ," என்று கத்திவிட்டேன். "சீற்றைக் கழற்றுங்கோ."

கழற்றினார்கள். ரெக்சீன் வெடித்துப்போயிருந்தது, என் தையல் மட்டும் அப்படியே இருந்தது. அன்ரன் அண்ணை பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அட கள்ளப்பயலே! எங்களை ஒருநாளும் இந்தச் சீற்றில இருக்க விடமாட்டான். ராசி பாக்கிறானெண்டெல்லோ நினைச்சம்!"

மன்னித்துக்கொள்ளுங்கோ. உங்கள் மானம் கொட்டாஞ்சேனை முழுக்கப் போய்விட்டது.

நிரோ சிரிக்கவில்லை. "அம்மா, போன கிழமை அவர் கம்பை வைக்கேக்க உங்களுக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"சொல்லாமலே விட்டிருக்கலாமே. உங்களுக்கு நான் ஓடுறது விருப்பமில்லைதானே."

"இப்பவும் விருப்பமில்லை. ஆனா அந்த ஒட்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

அவள் கறுப்புக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். சீலை நாசம். இன்னும் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன்.

பலகை இல்லாமல் ஆசனத்தைப் பூட்டினார்கள். அவள் ஏறி இருந்தாள். பரிசோதகர் மறுபடி வந்து கம்பை வைத்தார். ஹெல்மெட்டுக்கும் கம்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, ஸ்ரிக்கரை ஒட்டினார். அந்தோனியார் என் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு அவளுடைய பேச்சைக் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் மேசைக்கடியில் ஒளிந்திருப்பாளே, அதேபோல காருக்குள் தாழ்ந்து இருந்தாள். உங்களைவிட ஆழத்தில், உங்களைவிடப் பத்திரமாக. கார் உங்களை ஒரு கீறல்கூடக் கீறவில்லை, இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தம்தான் கொண்டுபோனது என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அது ஒரு ஆறுதலா, சொல்லுங்கோ?

வருகிற ஞாயிறு பந்தயம். நீங்கள் ஓடிய காலமெல்லாம் நான் பாதையோரச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பேன். ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்டால், "சுவர் உயரம், எனக்கு எட்டாது," என்பேன். நீங்களும் அதை நம்பினீர்கள். உண்மையில் நம்பினீர்களா?

அந்தப் பலகையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து புது உறை தைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சுவரோரம் போட்டு, அதில் ஏறி நின்று, நம்முடைய பிள்ளை ஓடி முடித்துக் காரை விட்டு இறங்கும்வரை கண்ணை மூடாமல் பார்ப்பேன். இது சத்தியம். இதை உடைக்க மாட்டேன்.

உங்கள்
இஞ்சேரும்,
நிரோவின் அம்மா