இருபது லீற்றரும் இத்தியடிக்குளமும்

2.9.2022, வெள்ளி

இத்தியடிக்குளத்தில் பால் எடுத்துக்கொண்டு திரும்பும்போது பிக்கப்பின் டீசல் முள் சிவப்பில் படுத்துவிட்டது. இன்றைக்கு வெள்ளிதான். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் எரிபொருள் அட்டையைக் காட்டினாலும் ஒரு சொட்டு அடிக்கமாட்டார்கள். கிழமைக்கு இருபது லீற்றர். நாடு முழுக்க இதே கதைதான்.

ஆகவே நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஒட்டுசுட்டான் பக்கத்து ஐம்பது வீட்டுப் பாலோடு சரி. இத்தியடிக்குளத்து மாடுகளிட்டை ஆர் போய்ச் சொல்லுறது, சனி ஞாயிறு பால் சுரக்காதையுங்கோ எண்டு?

பால் சங்கத்துச் செயலாளர் இன்றைக்கு நேரே சொல்லிவிட்டார். "விமலேஸ்வரி அக்கா, ஒக்டோபர் ஒண்டாந் திகதியிலை இருந்து இத்தியடிக்குளத்தை விடுங்கோ. பதினொரு வீட்டுக்காக ஓடி இடைவழியிலை நிண்டால் எல்லாற்றை பாலும் பழுதாப் போகும்." அந்தாள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இவர், என்ரை வீட்டுக்காரர், இடப்பக்கத்தில் இருந்துகொண்டு, "நீ ரெண்டாம் கியரிலை கனநேரம் இழுக்கிறாய்" என்றார். இருபது வருசம் லொறியும் பிக்கப்பும் ஓடின மனிசன். சீனி வருத்தம் கண்ணைக் கெடுத்தபிறகு போன வருசம்தான் ஸ்ரேறிங் என்ரை கைக்கு வந்தது. கண் மங்கினாலும் காது மங்கேல்லை. என்ரை தலைவிதி.

4.9.2022, ஞாயிறு

பால் ஓட்டம் முடிந்து பின்னேரம் வரிசையில் நின்று இருபது லீற்றரும் அடித்தாயிற்று. போன இருபதுக்கு ஓடியது நூற்றறுபது கிலோமீற்றர். லீற்றருக்கு எட்டு. ஏழு நாளும் இத்தியடிக்குளம் போய்வர வேண்டுமென்றால் லீற்றருக்குப் பத்து ஓடவேண்டும். எட்டு எங்கை, பத்து எங்கை.

தண்ணீரூற்றில் கராஜ் வைத்திருக்கிற ஜெமீலுக்கு ஃபோன் எடுத்தேன். "அக்கா, நீங்கள் இஞ்சை வந்து டீசலை எரிக்காதையுங்கோ, நான் வாறன்" என்றான். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல்தான். அதில் ஒன்று எங்களுக்காகப் போகப்போகிறது. கூடப்பிறந்தவனும் இந்த நாளிலை இப்பிடிச் சொல்லுவானோ தெரியாது.

7.9.2022, புதன்

ஜெமீல் வந்தான். எயர் பில்டரைக் கழற்றி நிலத்தில் ரெண்டு தட்டுத் தட்டினான். இத்தியடிக்குளத்துக் கிறவல் றோட்டில் பாதி அதுக்குள்ளைதான் இருந்திருக்கு. வாகனம் மூச்சு விட்டதே பெரிய காரியம்.

அடுத்தது ரயர். பால் கான்கள் குலுங்கக்கூடாதென்று நான் காற்றைக் குறைத்து வைத்திருந்தேன். கெட்டித்தனம் என்று நினைப்பு வேறை. "அக்கா, நீங்கள் வாகனம் ஓட்டேல்லை, சேத்துக்குள்ளை எருமையை இழுக்கிறியள்" என்று சிரித்தான்.

பிறகு எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிப்பார்த்து, இறங்கிச் சில்லுகளில் கை வைத்தான். பின் வலப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. பிறேக் விடாமல் பிடித்தபடியே நிற்கிறதாம். "நான் சொன்னனான், ஒரு உரசல் சத்தம் கேக்குதெண்டு" என்றார் இவர். சொன்னவர்தான். சும்மா இருங்கோ எண்டு வாயை அடைச்சது நான்தான்.

பிறேக்கைத் துப்புரவாக்கிப் பூட்டிவிட்டுப் போகப்போனவன் பின்பக்கம் குந்தி இருந்து பார்த்தான். "பால் ஏத்த முன்னமே பின்பக்க வில்லுத் தகடு பாரத்திலை இருந்துபோய்க் கிடக்கே. இந்த இரும்புப் பெட்டிக்குள்ளை என்ன?"

"வீட்டுச் சாமான்" என்றேன்.

8.9.2022, வியாழன்

வீட்டுச் சாமான்! அப்பிடித்தான் வாயிலை வந்தது.

ரெண்டு தறப்பாள். ஆறு தகரம். கிடங்கு கிண்ட அலவாங்கு, மண்வெட்டி. மண் நிரப்புவதற்கு வெறும் உரப்பை ஒரு கட்டு. பெரிய அலுமினியப் பானை. ஒரு சாக்கு அரிசி. எல்லாவற்றுக்கும் அடியில் தண்டவாளத் துண்டு ரெண்டு.

2009இல் எங்களுடைய பங்கருக்கு மேலே போட்டிருந்த தண்டவாளம் அது. ஷெல் பக்கத்தில்தான் விழுந்தது. மண் முழுக்க எங்கள் தலையில் கொட்டுண்டது. தண்டவாளம் அசையவில்லை. முகாமில் இருந்து திரும்பிவர விட்டபிறகு இவர் தேடிப்போய்க் கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார். பிக்கப் வாங்கின கையோடு பெட்டி ஒன்று அடித்துப் பின்னால் பூட்டி, எல்லாவற்றையும் அதற்குள் வைத்தோம். தையில் புது அரிசி வந்தால் முதல் சாக்கு பெட்டிக்கு, பெட்டியில் இருக்கிற பழசு சமையலுக்கு. ஒன்பது வருசமாக இப்படித்தான். ஏன் என்று இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

எங்களைத் தூக்கி வைச்சிருந்த சாமானைப் பாரம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

11.9.2022, ஞாயிறு

இந்தக் கிழமை லீற்றருக்கு ஒன்பது! ஜெமீல் நூறு வயசுக்கு இருக்கவேணும்.

14.9.2022, புதன்

இத்தியடிக்குளத்து வாய்க்கால் மதகு போன மாரியில் உடைந்ததில் இருந்து, குளக்கட்டைச் சுற்றித்தான் ஊருக்குள் போகிறோம். அதிலும் ஒரு கிலோமீற்றர் வீண்.

அங்கே பால் தருகிற அன்னபாக்கியம் அக்காவுக்கு, ஒண்டாந் திகதியோடு நிப்பாட்டுகிற செய்தி போய்விட்டது. அவாவுக்கு ரெண்டு கறவை. அதை வைத்துத்தான் மகள் தேனுகாவை வவுனியாக் கம்பசில் படிப்பிக்கிறா. நேற்று மாட்டு யாவாரி வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தானாம். பாலை அளந்து ஊற்றிக்கொண்டே, அடுத்த வீட்டுக் கதை மாதிரிச் சொன்னா. நான் என்ன சொல்ல? பத்து ஓடினால் வருவன் எண்டோ?

வெளிக்கிடும்போது ஒரு கட்டு முருங்கைக்காயை ஜன்னலுக்குள்ளால் தந்து, "பால் எடுக்காட்டிலும் இடைக்கிடை வந்து போ பிள்ளை" என்றா. ஐயோ, என்னை நாலு பேச்சுப் பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

18.9.2022, ஞாயிறு

ஒன்பதரை. அரை கூடினது எப்படி என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் பால் அளக்கிற நேரம் முழுக்க நான் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறவள். அறுபத்தொரு வீடு! நிப்பாட்டினால் பிறகு ஸ்ராட் வராட்டில்? பற்றரி நல்லாத்தான் இருக்கிறது. இவ்வளவு நாளும் ஒருதரம்கூட ஏமாற்றவில்லை. என்றாலும் திறப்பைத் திருப்பி நிப்பாட்டக் கை வராது. எங்கை ஓட நிக்கிறன் நான்?

இந்தக் கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு நிப்பாட்டினேன். ஒவ்வொருதரமும் ஸ்ராட் வந்தது.

20.9.2022, செவ்வாய்

பிறேக்கைப் பார்க்க ஜெமீல் வந்தான். நான் அவனுக்குச் செய்தது சரியான அநியாயம்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. அந்தப் பெட்டி முந்நூறு கிலோ வரும். பால் ஏத்த முன்னமே நாலைஞ்சு பேரை ஏத்திக்கொண்டு திரியிறியள்."

எங்கிருந்து வந்ததோ தெரியாது, "உனக்கென்னடா தெரியும்? அதுக்குக் கீழை கிடந்தவைக்குத்தான் தெரியும்" என்று கத்திவிட்டேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லச் சொன்னான். "தொண்ணூறிலை முஸ்லிம் சனமெல்லாம் ஊரை விட்டுப் போகவேணுமெண்டு நாங்கள் வெளிக்கிடேக்கை எனக்கு ஆறு வயசு. உம்மா சோத்தை இறக்கி மூடி வைச்சுப்போட்டு வந்தவ, பின்னேரம் வந்து தின்னலாமெண்டு. இப்பவும் உம்மா வெளியிலை போறதெண்டால் பைக்குள்ளை ஒரு சோத்துப் பார்சல் இருக்கும். நான் இறக்கச் சொல்லேல்லை அக்கா. பாரம் எவ்வளவு எண்டுதான் சொன்னனான்."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டான்.

21.9.2022, புதன்

ஜெமீலுக்கு ஃபோன் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. கத்தத் தெரிஞ்ச வாய்க்கு ஒரு மன்னிப்புக் கேக்கத் தெரியேல்லை.

25.9.2022, ஞாயிறு

இன்றைக்கு இத்தியடிக்குளம் போக டீசல் இல்லை. அரை நாள் ஓட்டத்துக்குத்தான் குறைந்தது. அரை நாள்! அன்னபாக்கியம் அக்கா பாலைக் காய்ச்சிச் சனத்துக்குச் சும்மா குடுத்தவாவாம். யாவாரி சனிக்கிழமை திரும்பி வருகிறானாம். ஒண்டாந் திகதி.

26.9.2022, திங்கள்

விடிய எழும்பினால் ஆளைக் காணவில்லை. வெளியில் இரும்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது, தகரம் எல்லாம் நிலத்தில். இவர் பிக்கப்பில் ஏறி நின்று, தடவித் தடவி அலவாங்கை எடுக்கிறார்.

"என்ன விசர் வேலை பாக்கிறியள்?"

"இறக்கிறன்."

"உங்கடை தண்டவாளமெல்லோ!"

"என்ரையோ?" என்று திரும்பினார். "நான் உனக்காக எல்லோ வைச்சிருந்தனான். எங்கையும் வெடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் இந்தப் பெட்டியிலைதானே நீ கை வைக்கிறனீ."

நான் அவருக்காக எண்டு நினைச்சு அரிசி மாத்தினன். அவர் எனக்காக எண்டு நினைச்சுக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். ஒன்பது வருசம்! ரெண்டு விசருகளும் ஒரே வீட்டுக்குள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சுக்கொண்டு நிக்கேக்கையே அழுகையும் வந்திட்டுது. இவர் இறங்கிவந்து, என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மனிசனை எனக்குத் தந்த கடவுளுக்குச் சும்மா இல்லை, உண்மையாக நன்றி சொல்லவேண்டும்.

ஜெமீலுக்கு ஃபோன் எடுத்து, மன்னிச்சுக்கொள்ளடா தம்பி என்றேன். "பெட்டியை இறக்கிப்போட்டியளோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். "அப்ப மற்றக் கதையை விடுங்கோ. ரயர் காத்தைப் பாத்தியளோ?"

28.9.2022, புதன்

தண்டவாளம் முற்றத்தில் கிடக்கிறது. இரும்புக்காரனுக்குப் போடக்கூடாது என்று நான் சொல்ல வாயெடுக்க, இவர் முந்திவிட்டார். "இத்தியடிக்குளத்து வாய்க்கால் எவ்வளவு அகலம் வரும்?"

இன்றைக்குப் பால் எடுக்கப் போகும்போது கடைசித் தடவையாக அதை ஏற்றிக்கொண்டு போனோம். பதினொரு வீட்டுச் சனமும் வந்துவிட்டது. அலவாங்கும் மண்வெட்டியும் அங்கேயே வேலைக்கு உதவின. உரப்பைகளில் மண் நிரப்பிக் கரையைக் கட்டி, சில்லுக்கு ஒன்றாகத் தண்டவாளத்தைக் குறுக்கே வைத்து, மேலே பாலை மரப் பலகை அடித்தார்கள். அன்னபாக்கியம் அக்காவின் மாட்டுக் கொட்டிலுக்கு ஆறு தகரமும் போனது.

பலகையில் முதல் சில்லு ஏறும்போது பிறேக்கில் காலை வைத்தேன். "போ, அது தாங்கும். எனக்குத் தெரியும்" என்றார் இவர். தாங்கினது.

1.10.2022, சனி

இத்தியடிக்குளம் போய்வந்தேன். செயலாளரிடம் கேட்டுப் போகவில்லை. பால் இறக்கும்போது அவர் வந்து நின்றார். நான் திறப்பைத் திருப்பி டீசல் முள்ளைக் காட்டினேன். நாளைக்கும் ஓடக் கிடக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப பதினொரு வீட்டையும் பதிவிலை வைச்சிருக்கிறன்" என்றார். நல்ல மனிசன்தான், சும்மா சொல்லக்கூடாது.

யாவாரி வெறுங்கையோடு திரும்பினானாம்.

2.10.2022, ஞாயிறு

பத்தேகால்.

15.1.2023, ஞாயிறு, தைப்பொங்கல்

விடியப்புறம் படபடவென்று வெடிச் சத்தம். எழும்பினது தெரியாது, வாகனத்தடியில் நிற்கிறேன். பெட்டி இருந்த இடத்தில் கை. வெறுந் தகடு, பனி ஈரம். பக்கத்து வீட்டுக்காரர் பொங்கல் வெடி கொளுத்துகிறார்கள். இவர் வாசலில் நின்று, "பொங்கல் வெடியப்பா" என்றார். "தெரியும்" என்றேன்.

மாடுகளுக்குப் பொங்கல் லீவு கிடையாது. வழக்கம்போல வெளிக்கிட்டோம். புது அரிசியில் முதல் சாக்கை, எங்கே போடுவது என்று யோசிக்காமல் பின்னால் ஏற்றினேன். அந்தப் பெரிய பானையையும்.

இத்தியடிக்குளத்தில் பதினொரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பானையில் பொங்கினோம். தேனுகா லீவில் வந்து நிற்கிறாள், தேங்காய் முழுக்க அவள்தான் திருவினாள். பால் பொங்கி வழிய, "விமலா, உன்ரை பானைக்கு இண்டைக்குத்தான் இனிப்புக் காட்டினாய்" என்றா அன்னபாக்கியம் அக்கா. மிச்ச அரிசியைப் பதினொரு வீட்டுக்கும் பகிர்ந்தோம். ஜெமீலுக்கு ஒரு வாளி பொங்கலும் அவன் உம்மாவுக்கு ஒரு சட்டித் தயிரும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்னேரம் வருவான்.

பாலைக் கொண்டுபோகக் கொஞ்சம் பிந்திப்போனது. எஞ்சினை நிப்பாட்டி, திறப்பை அன்னபாக்கியம் அக்காவின் குசினித் தட்டில் வைத்துவிட்டு, சம்மணம் கட்டி இருந்துதான் சாப்பிட்டேன்.