பாதி திறந்த படுதா

ஏனுங்க,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் வரமாட்டேன் என்கிறது.

ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் ஷெட்டை எட்டிப் பார்க்கிறேன். கோழி ஏற்ற நாளைக் காலையில் லாரி வருகிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வளர்த்த முதல் குளிர்காலப் பேட்ச் இது. மேட்சல் பக்கம் குளிர் இந்த வருஷம் ரொம்பவே அதிகம்.

ஹைதராபாத் ஹைடெக் சிட்டியிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறான் உங்கள் பையன். "சுத்தி எல்லாரும் பிளாட் போட்டுட்டாங்கம்மா. இந்தக் கோழியும் செத்துச்சுன்னா பண்ணையை வித்துரலாம், நீ என்கூட வந்துரு" என்றான். வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்கழி வந்தால் ஷெட்டைச் சுற்றியுள்ள படுதாவை இறுக்கிக் கட்டி, சந்தில் சாக்கும் திணிப்பீர்களே. கோழிக்கு ஸ்வெட்டர் போடாததுதான் பாக்கி. நான் திற என்பேன், நீங்கள் மூடு என்பீர்கள். எத்தனை வருஷச் சண்டை அது? கோழிகள் வயிற்றில் நீர் கோத்துச் சாகும். தீவனத்தில் கோளாறு என்று முடித்துவிடுவீர்கள்.

இந்தத் தடவை கேட்க ஆளில்லை, முழுசாகத் திறந்தேன். "சாரு உன்டே ஒப்புகோரம்மா" என்று தீவனம் போட வந்த யாதம்மா முனகினாள். சார் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்தான். குஞ்செல்லாம் மூலையில் ஒண்டின. அப்புறம் அதே நீர் வயிறு, அதே சாவு. உடனே போன் போட்டேன்.

கோழி டாக்டர் வந்து ஒன்றை அறுத்துக் காட்டினார். கோழியின் நுரையீரல் நம்முடையதுபோல விரிந்து சுருங்காதாம், விலாவோடு ஒட்டிக் கிடக்குமாம். உள்ளே ஓடும் ரத்தக் குழாயும் அவ்வளவாக விரிந்து கொடுக்காது. அடைத்த ஷெட்டில் நல்ல காற்று குறைந்தால் அந்தக் குழாய்கள் இன்னும் இறுகும். குளிரில் நடுங்கினால் உடம்பு அதிகக் காற்று கேட்கும், அத்தனை ரத்தமும் அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். "ரெண்டுலயும் இதயந்தாம்மா தள்ளித் தள்ளி வீங்கிப்போகுது" என்றார். சூடும் வேண்டும், காற்றும் வேண்டும்.

அன்றைக்கே பல்புகளைக் கூட்டினேன். படுதாவைக் கீழே கட்டி, மேல் பாதியைத் திறந்தேன். கொஞ்ச நாளில் சாவு நின்றது. மிச்சமெல்லாம் நல்ல எடையில் கொக்கரித்துக்கொண்டு நிற்கின்றன.

சந்தோஷப்படத்தானே வேண்டும்? முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இந்த மார்கழியிலும் மூடு, திற என்றுதான் கத்தியிருப்போம், கோழியும் செத்திருக்கும். பாதி உங்களிடம் இருந்தது, பாதி என்னிடம் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் போகவேண்டியிருந்ததா? உங்கள்மேல் கோபமாக வருகிறது. யாரிடம் போய்க் காட்டுவேன்?

லாரி கிளம்பியதும் பையனிடம் சொல்லிவிடுவேன், பண்ணை விற்பதற்கில்லை என்று. இனி எந்தக் குளிரிலும் உங்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் படுதாவில் கை வைக்கமாட்டேன்.

இன்னும் சண்டை தீராத
உங்கள் வீட்டுக்காரி
சாந்தாமணி