சம்மாட்டிப் படி யாருக்கு

என் சம்மாட்டித் தம்பி அன்ரனுக்கு,

நாளைக்கு உன் முப்பத்தோராம் நாள் பூசை. விசுவமடுவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். உன் முகத்தை நான் முதன்முதலில் பார்த்ததே சவப்பெட்டிக்குள்தான். மூன்று வருடம் போனில் ஒன்றாக விளையாடினோம். "அக்கா, முன்னுக்குப் போகாதையுங்கோ, அடி விழும்!" என்று நீ கத்துவாய். மோட்டார் சைக்கிளில் மெல்லப் போ என்று நான் உன்னிடம் ஒருநாளாவது கத்தியிருக்கக் கூடாதா?

நம் அணிக்குக் கரைவலை என்று பெயர் வைத்தவன் நீ. படிகளுக்கும் உங்கள் முல்லைத்தீவுக் கரையின் பெயர்கள்தான். வலைக்குச் சொந்தக்காரன்போல் எல்லா அதிகாரமும் உள்ள சம்மாட்டி நீ. அடுத்த படி மண்டாடி, அது நான். ஆள் சேர்க்கலாம், நீக்கலாம், தன் படிவரை உயர்த்தலாம். அதற்குக் கீழே இழுவைக்காரர். கடைசிப் படிக்கு 'கரையில் நிற்பவர்' என்று வைத்துச் சிரித்தாய். அவர்கள் கேட்கலாம், எழுதலாம், வேறொன்றையும் தொட முடியாது.

நீ போன பிறகு உன் அம்மாவை அந்தப் படியில் சேர்த்தேன். அவருக்கு விளையாடத் தெரியாது. அணிக்குள் கிடக்கும் உன் குரல் பதிவுகளை ஒவ்வொரு நாளும் கேட்கிறார். வேறு போனில் பதிந்தும் கொடுத்தேன். "இது கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்று திருப்பித் தந்துவிட்டார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன், கோபிக்காதே. செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் ஒருவன் எனக்குப் போன் எடுத்தான். "அன்ரன்ர சித்தப்பான்ர மகன், கனடாவில இருந்து கதைக்கிறன்" என்று விம்மி விம்மி அழுதான். அழுகிறவனிடம் நீ யார் என்று கேட்பதா? இங்கே எந்த வீட்டிலும் பாதிச் சொந்தம் கண்ணால் காணாத சொந்தம். உன் இரத்தத்தைக் கீழே நிறுத்த மனம் வரவில்லை. அவனுக்கும் மண்டாடிப் படியைக் கொடுத்தேன்.

பிறகு இழுவைக்காரர் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். நான் சேர்க்கச் சேர்க்க அவன் நீக்கினான். ஒரே படியில் நிற்பவரை நீக்க முடியாது என்பது நீ போட்ட விதி. அவனை என்னால் தொட முடியவில்லை, என்னை அவனால் தொட முடியவில்லை. உன் அம்மாவை மட்டும் அவன் விட்டுவைத்திருந்தான். அதுதான் எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்தார். "ஆரோ என்னைப் பெரியம்மா எண்டு எழுதுது, பிள்ளை. சாப்பிட்டீங்களோ எண்டும் கேக்குது. ஆரது?"

"அன்ரன்ர சித்தப்பான்ர மகன், அம்மா."

"அன்ரன்ர அப்பாவுக்குத் தம்பி இல்லை. எனக்குத் தங்கச்சியும் இல்லை. எந்தச் சித்தப்பா?"

உடனே நீ போட்ட விதிகளைத் திரும்ப வாசித்தேன், தம்பி.

சம்மாட்டி முப்பது நாள் வராவிட்டால், அதன் பிறகு முதலில் உள்ளே நுழையும் மண்டாடிக்கு அந்தப் படி தானாகப் போய்விடும். நாளைக் காலை பத்து மணிக்கு, பூசை நடுவில், அந்த முப்பது நாளும் முடிகிறது. சம்மாட்டியால் அணியையே கலைக்கலாம். கலைத்தால் உன் குரலும் போய்விடும். அந்தப் படியை வைத்து அவனுக்கு என்ன வேண்டும்? எனக்குத் தெரியவில்லை.

பூசைக்குள் போனைப் பார்க்கலாமா என்று இன்று அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "பார், பிள்ளை. ஆண்டவர் கோவிக்க மாட்டார்" என்றார். அதன் பிறகு, அவனிடமிருந்து சற்று முன் வந்ததை வாசித்துக் காட்டினார்: "பெரியம்மா, நான் வவுனியாவுக்கு வந்திட்டன். நாளைக்குப் பூசையில உங்களுக்குப் பக்கத்தில இருப்பன்."

அம்மாவுக்கு ஒரு பக்கத்தில் நான் இருப்பேன், தம்பி. மற்றப் பக்கத்தில் அவன் வந்து உட்காருமுன், கோயில் சனம் முழுக்கப் பார்த்திருக்க, அன்றைக்கு வெட்கப்பட்டுக் கேட்காததைக் கேட்பேன். "நீங்கள் ஆரின்ர மகன்?"

கூடப் பிறக்காத உன் அக்கா,
இன்னும் மண்டாடிப் படியில் நிற்கும்
வதனி