அவளுக்காகத் தூக்கிய கை

என் கண்ணு கீர்த்திக்கு,

நாகலாபுரத்திலிருந்து அம்மா தாட்சாயணி எழுதுகிறேன். நானும் உன் தம்பி யஸ்வந்தும் சுகம். ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடுதாசி. நீ தெலுங்கில் படித்தவள், என் தமிழை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு. மழைக்கு முன்னால் வேர்க்கடலை பிடுங்கியாயிற்று.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிரேக்க நாடகத்துப் பெண்ணாக நீ திருப்பதி மேடையில் வந்து நின்றாயே, அடேயப்பா! புருஷன் வேறு கல்யாணம் செய்யப்போகிறான் என்று தெரிந்ததும் நீ சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் பெண் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவனைப் பழிவாங்க அவள் தன் பிள்ளைகள் இரண்டையும் கொன்றதும் நான் மாரடித்து அழுதுவிட்டேன். நம்மூர் பாரதக் கூத்தில் படுகளத்தன்று ஒருவன் செத்தால், பெண்கள் அழுது தலைமுழுகிவிட்டுத்தானே வீட்டுக்குள் நுழைவோம்? எனக்குத் தெரிந்த முறை அதுதான். உன் சிநேகிதிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிறகு, நாடகம் போட்ட உங்கள் பிரமிளா மேடம் மேடைக்கு வந்து, இவள் இரக்கப்பட வேண்டியவள் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். அத்தனை பேரில் தூக்கியது நான் ஒருத்திதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தும் நான் இறக்கவில்லை. வெளியே வந்து நீ என்ன கேட்டாய்? "மானத்த வாங்கிட்டியேம்மா! அந்தக் கொலைகாரிக்குப் போய் ஏன் கையத் தூக்கிக்கினு இருந்த?"

சொல்கிறேன். அவள் செய்தது பாவம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் உங்க நைனா என்னை விட்டு இன்னொருத்தியோடு ஓடிப்போன வருஷம், உங்கள் இரண்டு பேரையும் பிச்சாட்டூர் ஏரிக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஐந்து வயது, தம்பி என் இடுப்பில். ஏரி பார்க்கப் போனோம் என்றுதான் நீ எல்லோரிடமும் சொல்வாய். நான் ஏரி பார்க்கப் போகவில்லை, கீர்த்தி. தண்ணீர் ஓரம் நின்றபோது நீ என் முந்தானையை இழுத்து, "பசிக்குதும்மா, துன்றதுக்கு எதுனா வாங்கிக் குடு" என்றாய். மூன்று பேரும் போண்டா தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பஸ்ஸில் ஏறியதுதான் நான் செய்ததிலேயே பெரிய காரியம். அதை யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை.

அடுத்து சித்தூரில் போடுகிறீர்களாம், யஸ்வந்த் சொன்னான். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். பிள்ளைகளைக் கொல்ல உள்ளே கூட்டிப்போகிற இடத்தில், வாசலில் கொஞ்சம் நில் கண்ணு. கதையை மாற்ற முடியாது, தெரியும். பசிக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும் நேரமாவது அவளுக்குக் கொடு.

நீயும் தம்பியும் நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன் அம்மா,
தாட்சாயணி