காதில் துளை இல்லாத கிடா

செப். 9, செவ்வாய்

புகைமூட்டம். காலையிலிருந்து சூரியன் கலங்கல். துணி காயவில்லை.

கால்நடை ஆபிஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். முக்காடு, ரப்பர் பூட்ஸ், கையில் இடுக்கி. நல்ல மாதிரி. இளநீர் கொடுத்தேன், குடித்தாள். தீபாவளிக்கு மூவார் வியாபாரி ஆடு எடுக்கிறார். காதில் எண் இல்லாமல் ஒன்றும் லாரி ஏறக் கூடாதாம். அவள் மலாயில் சொன்னது, மறக்காமல் இருக்க:

– ஆடு ஒன்று, எண் ஒன்று. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.
– இடது காது, நடுவில், நரம்பில் படாமல்.
– எண் போட்ட டேக் கழன்று விழுந்தால் புதுசு. பழைய எண்ணையும் சொல்ல வேண்டும்.
– இடம் மாறினால்: எங்கே, எதற்கு, எந்த லாரி.
– செத்தாலும் சொல்ல வேண்டும்.

கடைசியைச் சொன்னபோது இவர் கொட்டாய்க் கூரையைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். செத்ததைப் போய்ச் சொல்வதில் எங்களுக்கு இப்போது நல்ல பழக்கம்.

ஒவ்வொன்றாகக் காதில் டேக் அடித்தாள். ஆடுகள் ஒரே கத்தல். பக்கத்து வீட்டு மேரி அக்கா வேலியில் எட்டிப் பார்த்து, “அலமாக், காதுகுத்து வெச்சிட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு! தாய்மாமன் யாருலா?” என்றாள். சிரித்தேன். வாய் சிரித்தது, அவ்வளவுதான்.

கிடா கருப்புதான் மிச்சம். அவள் அதன் காதைப் பிடித்ததும் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். இவரும் என்னைப் பார்த்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு டேக்கையும் இடுக்கியையும் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அடித்துவிட்டு எண்ணையும் இடத்தையும் போனில் பதியச் சொல்லிவிட்டுப் போனாள்.

செப். 10, புதன்

வெயில். தலைவலி. மாத்திரை போட்டேனா இல்லையா, ஞாபகமில்லை. இன்னொன்று போட்டேன்.

கருப்பு மேரி அக்காவின் மிளகாய்ச் செடியைத் தின்றுவிட்டது. போன மாதமும் தின்றது. அப்போது, “முனியாண்டி கெடா, தின்னுட்டுப் போவட்டும்” என்றவள். இன்றைக்கு விளக்குமாற்றோடு விரட்டினாள். அப்புறம் வேலிக்கு வந்து, “கோவிச்சுக்காத சரசு. இப்ப அது சும்மா ஆடுதானே” என்றாள். மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கே இந்தச் சட்டம் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் பிள்ளை தினேஷ் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். ஐசியுவில் போட்டார்கள். அம்மாக்காரி கிடா நேர்ந்துவிட்டாள். பிள்ளை போய்விட்டான். பலிக்காத வேண்டுதலுக்குக் கடன் கிடையாது.

ஆனால் நான் உயிரைக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் வாயில் வந்தது இதுதான்: முனியாண்டி, எம்புள்ள ஒரு தடவ கண்ணத் தொறந்து பாக்கட்டும், கருப்பத் தர்றேன். அவ்வளவுதான். கண் திறந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன் போல. முட்டாள். கேட்கிறதுதான் கேட்கிறாய், முழுசாகக் கேட்கக் கூடாதா.

கண்ணைத் திறந்தான். போவதற்கு முதல் நாள் மத்தியானம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்.

இவர் அப்போது கீழே கேன்டீனில். தொண்டை காய்கிறது, பால் போடாத தே ஓ வாங்கிட்டு வாங்க என்று நான்தான் அனுப்பினேன். கப்போடு மேலே வந்தபோது மூடிவிட்டான். இவரிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அத்தனை நாளும் அந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன்.

முனியாண்டி கொடுத்துவிட்டார். நான் கொடுக்க வேண்டும். ஏன் என்று இவர் கேட்பார். அங்கேதான் நிற்கிறேன்.

செப். 12, வெள்ளி

மீன்காரர் வரவில்லை. சாம்பார். உப்பு அதிகம், இவர் வழித்துச் சாப்பிட்டார். முன்பெல்லாம் தட்டைத் தள்ளிவிடுவார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “மூவார்காரன் கருப்பக் கேக்கிறான் சரசு. போட்டோ பாத்ததுலேருந்து அதுதான் வேணுங்கிறான்” என்றார்.

“அது சாமி கெடா.”

“சாமிதான் ஒண்ணும் பண்ணலியே.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்.

“டேக் அடிச்சா காதுல ஓட்ட, கொற ஆயிடும். கொற ஆனத மெர்சிங் முனியாண்டி கோயில்ல ஏத்துக்க மாட்டாங்க” என்றேன்.

“டேக் அடிக்காம மெர்சிங் வரைக்கும் எப்படிக் கொண்டு போவ? ரோட்ல நிறுத்துனா ஆட்டையும் புடிப்பான், லாரியையும் புடிப்பான்.”

“அப்ப இங்கயே கெடக்கட்டும்.”

நல்ல சாக்கு. அடிக்காமல் போக முடியாது, அடித்தால் கொடுக்க முடியாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

செப். 13, சனி

விடிகாலை மழை. புகை கொஞ்சம் குறைந்தது.

வாங்க: உப்பு, சோப்பு, கொசுவத்தி, ரொட்டி 1 (2 வேண்டாம்).

தினேஷின் தொழிற்சாலைச் சட்டையைத் துவைத்தேன். ஏற்கனவே துவைத்துத்தான் இருந்தது. அழுகை வருமென்று பார்த்தேன். வரவில்லை. கொடியில் போட்டுவிட்டு அரிசி களைந்தேன். இப்படியேதான் இருப்பேனா. இருந்தால் இருந்துவிட்டுப் போகிறேன்.

மெர்சிங் பூசாரிக்குப் போன் போட்டேன், குறை ஆகும் என்று அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று. மனுஷன் சிரிக்கிறார். “அம்மா, இப்ப இங்க வர்ற கெடா எல்லாம் கம்மலோடதான் வருது. அது கவர்மெண்டு போட்ட ஓட்ட, நீங்க போட்டது இல்ல. முனியாண்டி அய்யாவுக்கு அதெல்லாம் தெரியும்லா. மஞ்சத்தண்ணி ஊத்திக் கொண்டாங்க. எப்ப வர்றீங்க?”

“சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். இருந்த ஒரே சாக்கு. அதுவும் போச்சு.

செப். 14, ஞாயிறு

வெயில். காற்று இல்லை.

காலை தேத்தண்ணி குடித்துவிட்டு இவர் இடுக்கியை எடுத்தார். “அடிச்சிடறேன். எங்க போனாலும் போவாட்டியும் நம்பர் வேணும். தலையப் புடி.”

பிடித்தேன். இடது காது, நடுவில். க்ளிக். கருப்பு ஒரு தரம் கத்தியது. பிறகு என் புடவைத் தலைப்பை மெல்ல ஆரம்பித்தது. பொட்டளவு ரத்தம். மஞ்சள் வைத்தேன்.

இவர் எண்ணைப் போனில் அடித்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “எடம் கேக்குது. மூவார்னு போட்டுடவா?” என்றார்.

“மெர்சிங்.”

“சரசு. அவன்தான் போய்ட்டானே. எதுக்குக் குடுக்கணும், சொல்லு.”

சொன்னேன். ஐசியு வாசலில் என்ன கேட்டேன், அவன் எப்போது கண்ணைத் திறந்தான், இவர் எங்கே இருந்தார், யார் அனுப்பினது. எல்லாவற்றையும் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டாயில் குட்டிகள் கத்தின. திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

“யாரப் பாத்தான்?” என்றார்.

அது ஒன்றைத்தான் கேட்டார்.

“வாசலப் பாத்தான். ஒங்களத்தான் தேடுனான். அப்பா தே வாங்கப் போயிருக்காருடா, இப்ப வந்துருவாருன்னேன். அப்பறந்தான் கண்ண மூடுனான்.”

தீவன மூட்டையில் உட்கார்ந்தார். அழுதார். சாவு வீட்டில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டே இருந்த மனுஷன், இன்றைக்கு அப்படி அழுதார். மேரி அக்கா வேலிக்கு வந்தவள் உள்ளே போய்விட்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். சட்டை நனைந்திருந்தது. கொஞ்சம் கழித்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். மெர்சிங் என்று அடித்தார். எதற்கு என்று கேட்டிருந்த இடத்தில் சாமிக்கு என்று மலாயில் அடித்தார்.

அவன் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தான்.