மூன்று பேர் சொன்ன வேகம்

மார்ச் 3
மகளின் கணினி இன்றும் பாதி வேலையில் நின்றுவிட்டது. அலுவலக வேலையை விட்டு, வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்யத் தொடங்கியபின் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய படம் இது. ஒரு பாலம் கட்டிய கதை. இருபதாம் தேதி கொடுக்க வேண்டும். தவறினால் அந்த நிறுவனம் மறுபடி கூப்பிடாது. ரேம் என்கிற நினைவகம் போதவில்லையாம். "அளவு பெருசா இருந்தா போதும்பா. வேகம் சாதாரணமா இருக்கட்டும்" என்றாள். வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன். நிருபனாக விசாரிப்பதுதானே முப்பது வருடமாக என் பிழைப்பு.

மார்ச் 6
கடைக்காரரிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் படித்த அக்கா மகனிடம் கேட்டேன். யூடியூபில் விமர்சனம் செய்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து போனில் பேசினேன். மூவரும் ஒரே ரேமைத்தான் சொன்னார்கள்: 7200 வேகம். அதே விலையில் இரண்டு மடங்கு அளவுள்ள சாதாரண ரேமும் இருந்தது. ஆனால் மூன்று பேர் ஒன்றைச் சொன்னால் அது செய்தி.

மனைவி சிரித்தாள். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாகூட இவ்ளோ விசாரிக்க மாட்டீங்க."

மார்ச் 8
வாங்கிப் பொருத்தியாயிற்று. செட்டிங்கில் முழு வேகத்தை மகள் தயக்கத்தோடுதான் போட்டாள். பறக்கிறது.

மார்ச் 11
கணினி செயலிழந்து நீலத் திரை. இரண்டு முறை.

மார்ச் 13
எடிட் செய்த படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போதெல்லாம் பாதியில் நின்றுபோகிறது. ஒருமுறை முழுதாக வந்தது. பார்த்தால் பாலத்தின் நடுவே பச்சைக் கோடுகள்! மகள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"யார்கிட்டப்பா கேட்டீங்க?"

சொன்னேன்.

"அவங்க யாராவது நம்ம மதர்போர்டு என்னன்னு கேட்டாங்களா?"

கேட்கவில்லை. நானும் சொல்லவில்லையே! மூவருக்கும் மறுபடி போன் செய்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைக்காரர் அந்த யூடியூப்காரரின் வீடியோவைப் பார்த்திருந்தார். அக்கா மகனும் அதேதான். "நீங்களே போட்டுப் பார்த்தீங்களா சார்?" என்று யூடியூப்காரரைக் கேட்டேன். "இல்ல சார், கம்பெனி அனுப்புன குறிப்புல இருந்தது." ஆக, மூன்று பேரில்லை. ஒருவர்தான் — அதுவும் விற்பவர். இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டு விஷயம் என்றதும் ஏன் புத்தி மழுங்கியது? அவள் கேட்டது வேறு. அதை நான் காதில் வாங்கவே இல்லை.

மார்ச் 14
மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து, அது தாங்கும் அளவுக்கு மகளே வேகத்தைக் குறைத்தாள். நாள் முழுவதும் சோதனை ஓட்டம். ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் அளவு குறைவுதான். பெட்டி பிரித்ததைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்களாம். படத்தைத் துண்டு துண்டாக முடித்துக் கடைசியில் ஒட்டப்போகிறாள். "வேற ரேம் வாங்கட்டுமா?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் வாங்காம இருந்தாலே போதும்பா." லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 20
கொடுத்துவிட்டாள். மாலையில்.

ஏப்ரல் 4
அதே நிறுவனம் இன்னொரு படம் தந்திருக்கிறது. முன்பணத்தில் தனக்கு வேண்டிய ரேமைத் தானே வாங்கிவந்தாள். பொருத்தும்போது டார்ச் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன், வாய் திறக்கவில்லை.

பிறகு பழைய சக நிருபர் போனில் வந்தார். "பொண்ணு வேலையை விட்டுட்டு வீட்ல இருக்காளாமே?"

"வீட்லதான் இருக்கா. இப்பதான் நிறைய வேலை. அப்புறம் பேசுறேன்யா, அவ ஒலி சரி பாத்துட்டிருக்கா, நான் சத்தம் போடக்கூடாது."